காற்று எறியும் ஊடை!

நாடா இல்லாத தறிகள் பல்லடத்தில் ஓடுகின்றன

தறி என்றால் நாடா உண்டு. நாடா இல்லாமல் நெசவு இல்லை. தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம்.

அந்த வழக்கம் இப்போது மாறிவிட்டது. திருப்பூர் மாவட்டம் பல்லடம் பக்கத்தில் உள்ள புதிய நெசவு ஆலைகளில் நாடாவைத் தேடினாலும் கிடைக்காது. ஊடை நூலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போவது எது தெரியுமா?

காற்று! ஆம், வெறும் காற்று!

இந்தத் தறிக்கு "ஏர்ஜெட்" தறி என்று பெயர். ஊசி முனை போன்ற சிறு குழாயில் இருந்து காற்று சீறிப் பாய்கிறது. அந்தச் சீற்றத்தில் நூல் அம்புபோல் பறக்கிறது. பாவு நூல்களின் நடுவே புகுந்து மறு கோடியை அடைகிறது. உடனே "ரீடு" என்னும் சீப்பு வந்து நூலை அடித்து நெருக்குகிறது. ஓர் ஊடை முடிந்தது. மறு ஊடை புறப்பட்டுவிட்டது.

நிமிடத்துக்கு 800 ஊடை

பழைய நாடாத் தறி நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 150 ஊடை வரை போடும். ஏர்ஜெட் தறி சர்வசாதாரணமாக 800 ஊடை போடுகிறது. அதைத் தாண்டி ஓடும் தறிகளும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துணியின் அகலம் 190 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 800 ஊடை. அப்படியானால் ஒரு நிமிடத்தில் உள்ளே போகும் ஊடை நூலின் நீளம் ஒன்றரைக் கிலோ மீட்டர்!

ஓர் ஊடைக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியை 1,000 கூறாக்கினால் அதில் 75 கூறு. அந்த 75 கூறும் நூல் பறப்பதற்குக் கிடையாது. பாவு விரியவேண்டும், ரீடு அடிக்கவேண்டும், பாவு மாறவேண்டும். இவை போக நூல் பறக்கக் கிடைப்பது சுமார் 27 கூறுதான். அதற்குள் நூல் 190 சென்டிமீட்டரைக் கடக்கவேண்டும். அப்படியானால் அதன் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோ மீட்டர். எக்ஸ்பிரஸ் ரெயிலின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இவ்வளவு வேகத்தில் போகிற நூல் அறுந்துவிடக்கூடாது, சுருண்டுவிடக்கூடாது, பாதி வழியில் நின்றுவிடவும் கூடாது. காற்றோ கைக்கு அகப்படாதது. அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? அங்கேதான் இருக்கிறது விஞ்ஞானம்.

ஊதாங்குழல் சொல்லும் பாடம்

அடுப்பு ஊதும் தாய்மார்களுக்கு இந்த விஞ்ஞானம் ஏற்கெனவே தெரியும். ஊதாங்குழலின் நுனியை நெருப்புக்கு அருகே கொண்டுபோய் வைத்துத்தான் ஊதுவார்கள். எட்ட இருந்து ஊதினால் சாம்பல்தான் பறக்கும், நெருப்புப் பற்றாது.

விளக்கை அணைப்பதும் அப்படியே. ஒரு சாண் தூரத்தில் இருந்தால் ஒரே ஊதலில் அணையும். நாலு முழம் தள்ளி நின்று ஊதினால் சுடர் லேசாக அசையும், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் என்ன? குழாயில் இருந்து பாயும் காற்று தனியாகப் போவது இல்லை. பக்கத்தில் சும்மா இருக்கும் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. கூட்டம் சேரச் சேர வேகம் குறைகிறது. தாரை விரிந்து அகலமாகிறது. குழாய் வாயின் அகலத்தைப்போல் சுமார் 5 மடங்கு தூரம் வரைதான் தாரையின் நடுவில் முழு வேகம் இருக்கும். அதன்பின் வேகம் சரிகிறது. வெகுதூரம் போனபின், தூரம் இரண்டு மடங்கானால் வேகம் பாதியாகிவிடும்.

தறிக்காரருக்கு இது பெரிய தொல்லை. காற்று வலுவிழந்தால் நூல் நடுவழியிலேயே தொங்கிப் போகும். துணியில் பழுது விழும்.

வாயால் உறிஞ்சிய காலம்

1733-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் நெசவாளி நாடாவைக் கையால் ஒரு பக்கம் தள்ளி, மறு பக்கம் வாங்கவேண்டும். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் நாடா தானே ஓடும்படி அவர் செய்தார். 1785-ம் ஆண்டில் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார்.

தறி வேகமாயிற்று. நெசவாளியின் கஷ்டம் தீரவில்லை. மேனாட்டு ஆலைகளில் நாடாவின் கண்ணில் நூல் கோக்க, தொழிலாளி அதில் வாயை வைத்து உறிஞ்சுவார். நூல் வெளியே வரும். கூடவே பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போகும். ஒருவர் உறிஞ்சிய நாடாவை இன்னொருவரும் உறிஞ்சுவார். நோய் பரவும் என்ற அச்சத்தால், 1911-ம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

நாடாவினால் வேறு ஆபத்தும் உண்டு. மரத்தால் ஆன அதன் இரு முனையிலும் இரும்புப் பூண் இருக்கும். தப்பித் தவறித் தறியை விட்டுத் தெறித்தால் எதிரே நிற்பவரின் கதி என்ன? தறிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை! சில கிராம் நூலைக் கொண்டு போவதற்கு, அதைப்போல் பல மடங்கு எடை உள்ள நாடாவை வீசி எறிகிறோம். மறு கோடியில் அதைத் தடுத்து நிறுத்தி, மறுபடி எறிகிறோம். சக்தி எல்லாம் நாடாவை எறிவதிலேயே வீணாகிறது. நூலை மட்டும் எறிய முடியாதா?

இந்த யோசனை அமெரிக்காவில் புரூக்ஸ் என்பவருக்கு வந்தது. ஊடையைக் காற்றால் செலுத்தும் முறைக்கு 1914-ம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் தொழிற்சாலையில் ஓடக்கூடிய ஏர்ஜெட் தறி வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஸ்வீடன் நாட்டில் மாக்ஸ் பாபோ என்பவர் செய்த "மாக்ஸ்போ" தறி 1950-களில் புகழ் பெற்றது. ஆனாலும் அகலம் குறைந்த துணியைத்தான் அதில் நெய்ய முடிந்தது. காரணம், ஊதாங்குழல் சொன்ன அதே பாடம்: எட்டப் போனால் காற்றின் வேகம் சரிந்துவிடும்!

கைமாறிப் போகும் நூல்

இந்தச் சிக்கலுக்கு என்ஜினீயர்கள் வழி கண்டார்கள். ஒரே குழாயை நம்பாமல், வழி நெடுகச் சிறு சிறு குழாய்களை வைத்தார்கள்.

தீ விபத்து நடந்தால் கிணற்றில் இருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள் அல்லவா? குடம் கைமாறிக் கைமாறிப் போகும். அதுபோலவே, முதல் குழாய் நூலை எறிகிறது. அடுத்தடுத்த குழாய்கள் அதை வாங்கி, மேலும் தள்ளுகின்றன. ஏறக்குறைய 7, 8 சென்டிமீட்டருக்கு ஒரு குழாய். ரீடின் பற்களிலும் ஒரு பள்ளம் உண்டு. எல்லாப் பற்களும் சேரும்போது அது ஒரு வாய்க்கால்போல் ஆகிவிடும். காற்று சிதறாமல் அந்த வாய்க்காலிலேயே ஓடும்.

இதன்பின் அகலம் ஒரு தடையாக இல்லை. இன்று 4 மீட்டர் அகலத் துணியையும் ஏர்ஜெட் தறியில் நெய்கிறார்கள். ஜப்பானின் டொயோட்டா, சுடகோமா, பெல்ஜியத்தின் பிகானோல் ஆகிய கம்பெனிகள் இந்தத் தறிகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. கார் கம்பெனி தறி செய்கிறதா என்று வியக்கவேண்டாம். டொயோட்டா குடும்பத்தின் முதல் தொழிலே தறிதான். கார் பிறகு வந்தது!

காற்றுக்கு ஒரு கடிவாளம்

எல்லாக் குழாய்களும் எப்போதும் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன? நூல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் மின்சாரக் கட்டணம் ஆலையை விழுங்கிவிடும்!

ஆகவே, நூலின் நுனி அருகில் வரும்போது மட்டும் குழாய் திறக்கவேண்டும். நுனி கடந்ததும் மூடிக்கொள்ளவேண்டும். நாலைந்து குழாய்களுக்கு ஒரு வால்வு. மின்காந்தத்தால் இயங்கும் வால்வு அது. மின்சாரம் பாய்ந்ததும் திறக்கும், நின்றதும் மூடும். எது எப்போது திறக்கவேண்டும் என்று கட்டளை இடுவது கம்ப்யூட்டர்.

நூல் ஒரே மாதிரி இருந்தால் ஒருமுறை நேரம் வைத்தால் போதும். ஆனால் பருத்தி நூல் அப்படிப்பட்டது அல்ல. ஓர் இடத்தில் தடிமன். ஓர் இடத்தில் மெலிவு. ஓர் இடத்தில் மயிர்ப் பிசிறு அதிகம். ஓர் இடத்தில் வழவழப்பு. பிசிறு உள்ள நூலைக் காற்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான நூல் வழுக்கும். கோன் முழுசாக இருக்கும்போது ஒரு வேகம். தீரும்போது வேறு வேகம்.

ஆகவே, தறிக்கு ஒரு கண் வைத்தார்கள். வலக் கோடியில் ஒளியால் வேலை செய்யும் ஒரு கருவி இருக்கிறது. நூல் எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்று அது பார்த்துச் சொல்லும். குறித்த நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டதா? காற்று அதிகம் என்று பொருள். கம்ப்யூட்டர் காற்றைக் குறைக்கும். தாமதமாக வந்ததா? அடுத்து வரும் ஊடைக்கு வால்வைக் கொஞ்சம் முன்னதாகத் திறக்கும். நூல் வரவே இல்லையா? தறி நின்றுவிடும், விளக்கு எரியும்.

பார்ப்பது, ஒப்பிடுவது, திருத்துவது — மூன்றும் ஓயாமல் நடக்கின்றன. பட்டம் விடும் சிறுவன் காற்றைப் பார்த்துப் பார்த்து நூலை இழுப்பதும் விடுவதும் இதே வித்தைதான்.

இன்னோர் ஆபத்தையும் இதில் கவனிக்கிறார்கள். மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் நூல் திடீரென்று நின்றால் சாட்டைபோல் சுண்டும். மெல்லிய நூலானால் அறுந்தே போகும். ஆகவே, கடைசி நேரத்தில் நூலுக்கு ஒரு பிரேக்! வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

விமானத்துக்கும் அதே வித்தை

பாயும் காற்றைக் கட்டுப்படுத்துவது தறிக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல. விமான என்ஜினுக்குப் பின்னால் பாயும் காற்றும் ஒரு தாரைதான். அதன் இரைச்சல் காதைப் பிளக்கிறது.

1952-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு கணக்கைச் சொன்னார். இத்தகைய தாரையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது எழுப்பும் ஒலியின் சக்தி 256-ல் ஒரு பங்காகக் குறையும் என்பது அந்தக் கணக்கு.

தாரையை அடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழாயின் வாயிலேயே சிறு தகடோ பல்லோ வைப்பது. தகடு அசையாது, ஆனால் காற்றைக் கலக்கிவிடும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எத்திராஜன் இராதாகிருஷ்ணன் இந்தத் துறையில் நீண்டகாலம் ஆராய்ச்சி செய்தவர். என்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கும் வாயு இயக்கவியல் நூல்களையும் எழுதியவர். போயிங் 787 விமானத்தின் என்ஜின் உறையில் பின் விளிம்பு ரம்பப் பல்போல் இருப்பதும் இந்த வழியைச் சேர்ந்ததே.

இரண்டாவது வழி, பெரிய தாரையைச் சிறு தாரைகளால் அடக்குவது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அஞ்சனேயுலு குரோத்தப்பள்ளியும் அவருடன் இருந்த ஆராய்ச்சியாளர்களும் இதைச் செய்து காட்டினார்கள். ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து தரையில் மோதும் தாரையைச் சுற்றி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வாய் உள்ள நுண் குழாய்களை வைத்தார்கள். அவற்றில் இருந்து காற்றைச் செலுத்தியதும் பெரிய தாரையின் அலறல் குறைந்தது. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். ஏர்ஜெட் தறியின் வால்வும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பனியனிலும் காற்று

திருப்பூர் என்றால் பனியன். பனியன் துணியில் பாவும் இல்லை; ஊடையும் இல்லை. ஊசிகள் கண்ணி கண்ணியாகப் பின்னுகின்றன. அங்கே காற்றுக்கு என்ன வேலை?

வேலை நூலிலேயே இருக்கிறது. 30-ம் நம்பர் பருத்தி நூல் ஒரு கிலோவை நீட்டினால் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர் வரும். திருப்பூரில் இருந்து கோவைக்குப் போகும் தூரம்! 2 கிலோ கோன் என்றால் போய்த் திரும்பிவிடலாம். நூற்பு ஆலையில் ஒரு கதிரில் சேரும் நூல் 50, 60 கிராம்தான். ஒரு கோன் ஆக 30-க்கு மேற்பட்ட கதிர்களின் நூலை ஒட்டவேண்டும்.

முன்பு முடிச்சுப் போட்டு ஒட்டினார்கள். முடிச்சு பின்னல் ஊசியில் சிக்கினால் துணியில் ஓட்டை விழும். ஊசியும் ஒடியும். இப்போது முடிச்சு இல்லை. "ஸ்பிளைசர்" என்ற கருவி இரண்டு நுனிகளையும் ஒரு சிறு குழிக்குள் வைத்துக் காற்றைப் பாய்ச்சுகிறது. முதலில் முறுக்கு பிரிகிறது. அடுத்த கணம் இரண்டு நுனியின் இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிப்பதே கஷ்டம்!

காற்று இனாம், அழுத்திய காற்று இனாம் அல்ல

இவ்வளவும் கேட்டால் ஏர்ஜெட் தறி ஒரு வரப்பிரசாதம் என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு.

தறிக்கு வேண்டிய காற்றின் அழுத்தம், கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அதைக் கம்பிரசர் தயாரிக்கிறது. கம்பிரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுதான் உருப்படியான வேலையாகத் திரும்புகிறது.

அதிலும் குழாய் இணைப்பு கசிந்தால்? சரியாகக் கவனிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை காற்று கசிந்தே போவது உண்டு. பகலில் தறிச் சத்தத்தில் கசிவு காதில் விழாது. தறிகள் நிற்கும் நேரத்தில் "உஸ்" என்ற ஓசை கேட்கும். சோப்பு நீரைத் தடவினால் கசிவு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுபோல!

அழுத்தத்தை வேண்டிய அளவுக்கு மேல் வைப்பதும் நஷ்டம். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் கம்பிரசருக்கு ஆகும் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் மிச்சமாகும். நூல் வந்து சேரும் நேரத்தைப் பார்த்துக் காற்றைக் குறைக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

இரைச்சல் இன்னொரு தொல்லை. நாடாவின் "டக், டக்" போய்விட்டது. காற்றின் சீற்றமும் ரீடு அடிக்கும் ஓசையும் வந்துவிட்டன. ஆண்டுக் கணக்கில் கேட்டால் காது மந்தமாகும். போன செவி திரும்பாது. ஆகவே, தறிக்கூடத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்கக்கூடாது.

கூலித் தறிக்காரர் கதி?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

1932-ம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொங்கு நாட்டில் ஆலைகள் பெருகின. பின்னாளில் பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி வந்தது. நாலு தறி, எட்டுத் தறி வைத்து, பாவு வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பங்கள் ஏராளம். கணவன் தறி பார்ப்பார். மனைவி தார் சுற்றுவார். 2022-ம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திப் போராடினார்கள்.

அவர்களுக்கு ஏர்ஜெட் ஒரு போட்டி. அங்குலத்துக்கு 60 ஊடை உள்ள துணியை நாடாத் தறி மணிக்கு மூன்றரை மீட்டர் அளவு நெய்யும். ஏர்ஜெட் 20 மீட்டர் நெய்யும். ஒரு தறி ஐந்தாறு தறிகளின் வேலையைச் செய்கிறது!

ஆனால் தறியின் விலை அதிகம். கம்பிரசர் வேண்டும், ஈரப்பதம் காக்கும் அறை வேண்டும். தனி ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல. பலர் சேர்ந்தால் முடியும். இந்த எண்ணத்தில்தான் மத்திய அரசு 2005-ம் ஆண்டில் ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பல்லடத்தில் ஹைடெக் நெசவுப் பூங்கா அமைந்தது அந்தத் திட்டத்தின் கீழ்தான். கோவையில் 1956-ம் ஆண்டு முதல் இயங்கும் "சிட்ரா" என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் விசைத்தறிச் சேவை மையங்களின் மூலம் பயிற்சி கொடுக்கிறது.

புதிய தறிக்குப் புதிய கைத்திறன் வேண்டும். நாடாவைச் சீவிச் சரிப்படுத்தத் தெரிந்த பிட்டர், இனி வால்வின் நேரத்தையும் காற்றின் அழுத்தத்தையும் படிக்கக் கற்கவேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கற்றால், அவர்கள் வாழ்க்கைக்கு ஏர்ஜெட் ஒரு புது வழி திறக்கும். கற்க வாய்ப்பு இல்லாவிட்டால், அதே காற்று அவர்கள் கூலியை அடித்துக்கொண்டு போய்விடும்.

பாயும் காற்றைப் பிடித்து ஆள மனிதன் கற்றுக்கொண்டான். அந்த வித்தை நாலு தறி வைத்திருக்கும் வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும்!